பிட்ஸ் மாத்திரைச் சீட்டோடு வருகிறவர்களுக்கு

வேலூர் மாவட்டம் குடியாத்தத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கல்லாவுக்குப் பின்னால் நிற்கிறவளுக்குச் சீட்டை நீட்டும் விதத்திலேயே நோய் தெரிந்துவிடும். சர்க்கரைக்காரர்களும் பிரஷர்காரர்களும் சீட்டை விரித்து மேஜைமேல் போட்டுவிட்டு, பக்கத்தில் நிற்பவரிடம் ஊர்க்கதை பேசுவார்கள். பிட்ஸ், அதாவது வலிப்பு நோய்க்கு மாத்திரை வாங்க வருகிறவர் கடையில் கூட்டம் குறையும்வரை எதிர்த்த டீக்கடையில் நிற்பார். பிறகு வந்து, நாலாக மடித்த சீட்டை உள்ளங்கைக்குள் வைத்தபடியே நீட்டுவார். "யக்கா, பத்து நாளைக்கு மட்டும் குடு. அதுக்கப்பறம் பாத்துக்கலாம்."

அந்தப் பத்து நாளோடுதான் எனக்குத் தீராத சண்டை. வலிப்பு வரும் இரண்டு நிமிடத்துக்குத் தெருவே ஓடி வருகிறது. வராத நாட்களில் அந்த வீட்டில் மாத்திரை இருக்கிறதா, வேளைக்குப் போட்டார்களா என்று கேட்க ஆளில்லை. இந்த நோய்க்கு வைத்தியம் நடப்பதோ அந்த வராத நாட்களில்தான். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் நான் சொல்வதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை, மருந்தாளுநர். மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் என் வேலையில்லை. உங்கள் வேலையும் இல்லை.

வலிப்பு வந்துவிட்டால்

முதலில் மணியைப் பாருங்கள். கைப்பேசியில் நேரம் இருக்கிறது. பயத்தில் ஒரு நிமிடம் அரை மணி நேரமாகத் தெரியும். டாக்டருக்கு வேண்டியது உண்மையான நிமிடக்கணக்கு.

கீழே விழுந்தவரைச் சுற்றிக் கல், அடுப்பு, மேஜை முனை, ஓடுகிற தறி எதுவும் இருந்தால் அப்புறப்படுத்துங்கள். அவரைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். தலைக்கடியில் துண்டோ பள்ளிக்கூடப் பையோ வையுங்கள். சட்டைக் காலரைத் தளர்த்துங்கள், கண்ணாடி போட்டிருந்தால் கழற்றுங்கள். கைகால் வெட்டி இழுக்கும் அந்த வெட்டு கொஞ்சம் தளர்ந்ததும் உடம்பை ஒருக்களித்துத் திருப்பிவிட்டால் எச்சிலும் நுரையும் வெளியே வழிந்துவிடும், மூச்சுக்குழாய்க்குள் இறங்காது. கைகாலை அழுத்திப் பிடிக்க வேண்டாம். பிடித்தால் வெட்டு நிற்காது, தோள்பட்டைதான் விலகும்.

வாய்க்குள் எதையும் விடக் கூடாது. கரண்டி, துணி, விரல் எதுவும் வேண்டாம். நாக்கை விழுங்கிவிடுவான் என்கிறார்கள். அப்படி யாராலும் விழுங்க முடியாது. நாக்கின் ஓரம் கடிபடலாம், அது ஆறிவிடும். கரண்டியால் உடைந்த பல் முளைக்காது. தண்ணீர், சோடா, மாத்திரை எதையும் முழு நினைவு திரும்பும்வரை கொடுக்காதீர்கள்.

இரும்பைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நம் பக்கத்தில் யாருக்காவது பிட்ஸ் வந்தால் பத்துப் பேர் ஒரே குரலில் "சாவி கொண்டா" என்பார்கள். பெரும்பாலான வலிப்பு ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் தானாகவே நிற்கும். சாவிக்கொத்தைத் தேடி எடுத்துவந்து, மூடிய விரலைப் பிரித்து, உள்ளே திணிக்க ஆகும் நேரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். மூளை நிறுத்தியதற்குச் சாவி பெயர் வாங்கிக்கொண்டது. சாவியாவது பரவாயில்லை, கொடுவாளைத் திணித்துக் கை கிழிந்து, டிங்சர் வாங்க என்னிடம் வந்தவர்களும் உண்டு.

இந்த நிலைகளில் மட்டும் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்: ஐந்து நிமிடத்தைத் தாண்டியும் வெட்டு நிற்கவில்லை, நினைவு திரும்புவதற்குள் அடுத்தது வந்துவிட்டது, இதுதான் முதல் தடவை, கர்ப்பிணி, சர்க்கரை நோயாளி, தண்ணீருக்குள் வந்தது, தலையில் அடிபட்டிருக்கிறது, வலிப்பு நின்ற பிறகும் மூச்சு சரியாக வரவில்லை. அந்த ஐந்து நிமிடத்துக்கு ஒரு காரணம் உண்டு. அதற்குமேல் போகிற வலிப்பு தானாக நிற்கும் வாய்ப்புக் குறைந்துகொண்டே போகும், மூளைக்கும் சேதம் ஏற்படலாம். அடிக்கடி நீண்ட வலிப்பு வருகிறவர்களுக்கு மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்பிரேயை டாக்டரே எழுதித் தருவார். எழுதித் தந்திருந்தால் எத்தனை தடவை அழுத்த வேண்டும், எந்த நிமிடத்தில் அடிக்க வேண்டும் என்பதை வீட்டில் எல்லோரும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நின்ற பிறகு ஆள் குழம்பிப்போயிருப்பார், தூங்குவார், தலைவலிக்கும். சிலருக்குச் சிறுநீர் பிரிந்திருக்கும். ஒரு துண்டைப் போர்த்திவிடுங்கள். எழுந்து பார்க்கையில் இருபது முகம் குனிந்து நிற்பதைவிடக் கொடுமை கிடையாது. கூட்டத்தைக் கலைக்க ஒருவர், கூடவே உட்கார ஒருவர், வீடியோ எடுக்க ஒருவர் போதும். அந்த வீடியோ டாக்டருக்கு மட்டும். தெரு வாட்ஸாப் குழுவுக்கு இல்லை.

எல்லா வலிப்பும் விழுந்து வெட்டுவதில்லை

மூளையின் செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது மிகச் சிறிய மின்னோட்டத்தால். அவற்றில் ஒரு கூட்டம் ஒரே நேரத்தில் கட்டுப்பாடில்லாமல் பாய்ந்தால் அது வலிப்பு. எந்த இடத்தில் பாய்கிறதோ அந்த இடத்தின் வேலை வெளியே தெரியும். மூளை முழுவதும் பரவினால் விறைத்து, விழுந்து, வெட்டும். ஓர் ஓரத்தில் மட்டும் என்றால் ஒரு கை மட்டும் துடிக்கலாம். இல்லாவிட்டால் ஆள் உட்கார்ந்தபடியே வெறித்துப் பார்த்து, வாயைச் சப்புக்கொட்டி, சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டிருப்பார். கூப்பிட்டால் பதில் வராது. வயிற்றிலிருந்து ஏதோ மேலேறுவதுபோல இருக்கும், இல்லாத வாசனை அடிக்கும் என்று சிலர் சொல்வார்கள். பேய் பிடித்தது என்று வேப்பிலை அடிக்கக் கூட்டிப்போகப்படுபவர்களில் இந்த வகைக்காரர்கள் நிறைய.

பள்ளிப் பிள்ளைகளில் இன்னொரு வகை. டீச்சர் டிக்டேஷன் சொல்லும்போது பத்து விநாடி கண் நிலைகுத்தி நின்று, பிறகு எதுவும் நடக்காததுபோல எழுதத் தொடங்கும். நோட்டில் நடுவில் இரண்டு வார்த்தை இருக்காது. "கவனம் இல்லை" என்று குட்டு வாங்கும் பிள்ளை அது. பதின்ம வயதில் வருவது வேறு: காலையில் எழுந்ததும் கை சட்டென்று உதறி, பிரஷ் பறக்கும், காபி டம்ளர் கொட்டும். வீட்டில் அதைப் பொறுப்பின்மை என்று திட்டுவார்கள். டாக்டரிடம் இதைத் தனியாகச் சொல்லுங்கள். இந்த ஓர் அடையாளத்தை வைத்து மருந்தே மாறும். இந்த வகைக்குக் கார்பமாசெபைன் என்ற வலிப்பு மருந்தைக் கொடுத்தால் உதறல் கூடக்கூடும்.

ஒரே ஒரு தடவை வந்ததால் அது வலிப்பு நோய் ஆகிவிடாது. 24 மணி நேரத்துக்குமேல் இடைவெளி விட்டு, தனிக் காரணம் எதுவும் இல்லாமல், இரண்டு தடவை வந்தால்தான் பொதுவாக அந்தப் பெயர் வைப்பார்கள். ஒரு தடவைதான் வந்தது, ஆனால் ஸ்கேனும், மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் இ.இ.ஜி.யும் மறுபடி வரும் என்று காட்டினால் அப்போதும் வைப்பார்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை கடுங்காய்ச்சலில் வரும் ஜன்னி பெரும்பாலும் வலிப்பு நோயாக மாறுவதில்லை. நிறையக் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தி ஆறு மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் வரும் வலிப்புக்கு வைத்தியம் வேறு. "மாலை போட்டுட்டு உட்டுட்டாரு, மறாநாளே பிட்ஸ் வந்துச்சி, சாமி குத்தம்" என்று சொல்லிக்கொண்டு வந்தார் ஒரு அம்மா. சாமி ஒன்றும் செய்யவில்லை. குடியை விடுவதென்றால் டாக்டர் துணையோடு விட வேண்டும், அவ்வளவுதான்.

எங்கே போவது, என்ன எடுத்துப்போவது

வேலூரைச் சுற்றிப் பிறந்தவர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு கொடுப்பினை இருக்கிறது. இந்தியாவின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையை 1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கியது நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், அதாவது சி.எம்.சி.யில்தான். வலிப்புக்கான அறுவை சிகிச்சை 1952-லேயே அங்கே நடந்திருக்கிறது. வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் காட்பாடியில் வந்து இறங்கி, லாட்ஜில் தங்கி வைத்தியம் பார்க்கிறார்கள். நாம் ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருந்துகொண்டு கயிறு மந்திரிக்கப் போகிறோம்.

அதற்காக எல்லோரும் நேரே சி.எம்.சி. போக வேண்டும் என்றில்லை. குடியாத்தம் அரசு மருத்துவமனையிலோ, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ தொடங்கலாம். பெனிட்டாயின், வால்ப்ரோயேட், கார்பமாசெபைன் போன்ற அடிப்படை மாத்திரைகள் அரசு மருத்துவமனையில் காசில்லாமல் கிடைக்கும். முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகங்களிலும் விலை குறைவு. எனக்கு வியாபாரம் போகும்தான். ஆனாலும் விலைக்குப் பயந்து பாதி மாத்திரை போடுகிறவரை அங்கே அனுப்பிவிடுவது எனக்கு நிம்மதி.

டாக்டர் அறைக்குள் வலிப்பு வராது. அதனால் பார்த்தவர்தான் கூடப் போக வேண்டும். பார்க்காத மாமாவும் பெரியப்பாவும் போய்ப் பயனில்லை. அன்று எத்தனை மணிக்குத் தூங்கினார், என்ன செய்துகொண்டிருந்தார், தலை எந்தப் பக்கம் திரும்பியது, முதலில் எந்தக் கை, எவ்வளவு நேரம், பிறகு எப்போது சரியாகப் பேசினார் என்பதையெல்லாம் ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிப் போங்கள். வீடியோ இருந்தால் பாதி வேலை முடிந்தது.

இ.இ.ஜி. எடுக்கத் தலைக்கு எண்ணெய் வைக்காமல், நன்றாக அலசிக்கொண்டு போக வேண்டும். தலையில் சின்னச் சின்ன ஒயர்களை ஒட்டி அரை மணி நேரம்போல மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்வார்கள். ஷாக் வைக்கிறார்கள் என்று ஒரு பாட்டி பேரனைப் பாதியில் தூக்கிவந்துவிட்டார். அதில் ஷாக் கிடையாது, பதிவு மட்டும்தான். இ.இ.ஜி. நார்மல் என்று வந்தாலும் வலிப்பு நோய் இல்லை என்று அர்த்தமில்லை. அந்த அரை மணியில் எதுவும் பாயவில்லை, அவ்வளவுதான். எம்.ஆர்.ஐ.யும் சி.டி.யும் மூளையில் தழும்பு, கட்டி, பூச்சிக்கட்டி இருக்கிறதா என்று பார்க்க.

அந்தப் பூச்சிக்கட்டியைப் பற்றி நம் மாவட்டத்துக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். வேலூர் மாவட்டத்தில் வீடு வீடாகப் போய் சி.எம்.சி. மருத்துவர்கள் எடுத்த கணக்கு 2006-ல் வெளியானது. ஆயிரம் பேரில் ஏறக்குறைய நாலு பேருக்கு வலிப்பு நோய் இருந்தது. அவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்குக் காரணம் மூளைக்குள் தங்கிய நாடாப்புழுவின் இளம்புழுப் பருவக் கட்டி.

"நாங்க பன்னிக்கறி தொடமாட்டோமே" என்பார்கள் உடனே. இங்கேதான் எல்லோரும் தவறுகிறார்கள். சரியாக வேகாத பன்றிக்கறியில் புழுக்கட்டி இருந்தால், தின்றவரின் குடலில் நாடாப்புழு வளரும். அந்தப் புழுவின் முட்டைகள் அவர் மலத்தோடு வெளியே வரும். அவர் வெளிக்குப் போன நிலத்தில் விளைந்த கீரை, கொத்தமல்லி, கழுவாத கை, தண்ணீர் வழியாக அந்த முட்டை யார் வயிற்றுக்குப் போகிறதோ அவருடைய மூளையில்தான் கட்டி வைக்கும். ஆயுளுக்கும் சைவமாக இருந்தவருக்கும் வரலாம். ஆகவே கழிப்பறை, சோப்பு போட்ட கை, நல்ல தண்ணீரில் பலமுறை அலசிய பச்சைக் காய்கறி ஆகியவைதான் தடுப்பு.

இதில் கடைக்காரியாக ஒரு கண்டிப்பு. பூச்சி என்றதும் "ஆல்பெண்டசோல் ரெண்டு குடு" என்று கேட்டு வருகிறார்கள். பள்ளியில் குடற்புழுவுக்கு ஒரு மாத்திரை கொடுப்பது வேறு. மூளைக்குள் இருக்கும் கட்டி மருந்தால் சாகும்போது சுற்றிலும் வீக்கம் வரும்; வலிப்பு அதிகமாகலாம், பார்வையே போகலாம். அதனால்தான் ஸ்கேன் பார்த்து, வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டையும் சேர்த்து, டாக்டர் கண்காணிப்பில் கொடுப்பார்கள். சில கட்டிகளுக்குப் பூச்சி மருந்தே வேண்டாம் என்பார்கள்.

மாத்திரை

மேல்நிலைத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஏற்றிய தண்ணீர் சாயங்காலத்துக்குள் குறைந்துவிடும், மறுபடி ஏற்ற வேண்டும். ரத்தத்தில் மருந்தும் அப்படித்தான். காலை எட்டு, இரவு எட்டு என்று எழுதியிருந்தால் அந்தப் பன்னிரண்டு மணி இடைவெளிக்கு அர்த்தம் இருக்கிறது. இரவு வேளையை விட்டால் விடியற்காலையில் அளவு அடிமட்டத்துக்கு வரும். நன்றாக இருந்தவருக்குத் திடீரென்று வலிப்பு வந்ததென்று ஓடி வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது "நேத்து மாத்திரை போட்டாரா" என்பதுதான். பெரும்பாலும் பதிலுக்கு முன் ஒரு மௌனம் வரும்.

ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்த வேளைக்கே நேரம் நெருங்கிவிட்டது என்றால் டாக்டரையோ மருந்தாளுநரையோ கேளுங்கள். நீங்களாக இரண்டைச் சேர்த்துப் போடாதீர்கள். பெட்டிக் கடையில் கிடைக்கும் நாள் வாரியான பிளாஸ்டிக் டப்பா போதும், அல்லது அட்டையின் மேலேயே தேதி எழுதுங்கள். பீடி சுற்றும் பெண் ஒருத்தி பீடிக்கட்டு எண்ணும் நோட்டிலேயே தினமும் இரண்டு கோடு போடுகிறாள். அதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

மெதுவாகக் கரையும் வகை மாத்திரையை நசுக்கித் தேனில் குழைக்கக் கூடாது. மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். விழுங்க முடியாத பிள்ளைக்கு சிரப் உண்டா என்று கேளுங்கள். பெனிட்டாயின் சிரப்பை ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்க வேண்டும். குலுக்காவிட்டால் பாட்டிலின் மேலே இருக்கும்போது குறைவாகவும் அடிக்கு வரும்போது அதிகமாகவும் போகும். சமையல் கரண்டியால் அளக்காதீர்கள், அளவு மூடியோ சிரிஞ்சோ கேட்டு வாங்குங்கள்.

கம்பெனி மாற்றம் இன்னொரு தலைவலி. வலிப்பு நன்றாகக் கட்டுப்பட்டிருக்கும்போது கடைக்காரர் "அதே மருந்துதான், வேற கம்பெனி" என்று கொடுத்தால் வாங்குவதற்கு முன் டாக்டரிடம் கேளுங்கள். குறிப்பாகப் பெனிட்டாயினில் அளவு கொஞ்சம் மாறினாலும் ரத்தத்தில் பெரிதாக மாறும். குறைந்தால் வலிப்பு, கூடினால் தள்ளாட்டமும் கண் ஆடுவதும்.

ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு குணம். பெனிட்டாயின் நாளாவட்டத்தில் ஈறை வளரவைக்கும். பல் தேய்ப்பதில் சோம்பல் கூடாது. லெவெடிராசெட்டம் சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் கொண்டுவரும். "மருமவன் நல்லவன்தான், இந்த மாத்திரை போட்டதுலேந்து எதுக்கெடுத்தாலும் கத்துறான்" என்று ஒரு மாமியார் சொன்னார். டாக்டரிடம் சொல்லி மாற்றினார்கள். வால்ப்ரோயேட்டில் எடை கூடும், முடி கொட்டும், கை நடுங்கும். கார்பமாசெபைன், பெனிட்டாயின், லாமோட்ரிஜின் தொடங்கிய முதல் சில வாரங்களில் உடம்பில் தடிப்போ, வாயில் புண்ணோ, காய்ச்சலோ வந்தால் அது அம்மை என்று வேப்பிலை கட்டிப் படுக்கப்போடாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகும் ஒவ்வாமையின் தொடக்கமாக அது இருக்கலாம். மருந்தைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பதற்கு இது ஒன்றுதான் விலக்கு. அங்கேயும் டாக்டர்தான் மாற்று மருந்து கொடுப்பார்.

சளி, மூட்டுவலி, வயிற்றுப்போக்கு எதற்கு மாத்திரை கேட்டாலும் "பிட்ஸ் மாத்திரை சாப்புடறேன்" என்று எங்களிடம் சொல்லுங்கள். டிராமடால் என்ற வலி மருந்தும், சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் வலிப்பைத் தூண்டக்கூடியவை. காசநோய் மருந்துகளும் பெனிட்டாயினும் ஒன்றோடொன்று மோதும். கூட்டத்தில் சொல்ல வெட்கமாக இருந்தால் சீட்டின் பின்னால் எழுதிக் காட்டுங்கள், போதும்.

தூக்கம், நோன்பு, வெந்நீர்

வலிப்பைக் கிளப்புவதில் மாத்திரை விடுவதற்கு அடுத்தது தூக்கம் கெடுவது. நம் பக்கத்தில் அதற்கு வாய்ப்புக்குக் குறைவில்லை. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து வைத்தால் ராத்திரி முழுக்க. படுகளத்தன்று காலையில்தான் வீடு திரும்புவார்கள். வைகாசியில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா என்றால் ஊரே தூங்காது. கூத்து பார்க்க வேண்டாம் என்று நான் யாரையும் தடுக்க மாட்டேன். பகலில் நன்றாகத் தூங்குங்கள், இரவு மாத்திரையை மடியில் முடிந்துகொண்டு போங்கள், பாதி இரவோடு திரும்புங்கள். கர்ணமோட்சத்தை அடுத்த வருடமும் போடுவார்கள்.

ரமலான் மாதத்துக்கு முன் பேர்ணாம்பட்டு, மேல்பட்டி பக்கத்திலிருந்து வருகிறவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். விடியலுக்கு முன் சாப்பிடும் ஸஹருக்கும் நோன்பு திறக்கும் இஃப்தாருக்கும் இடையிலான இடைவெளி பன்னிரண்டு மணியைத் தாண்டும், தூக்கமும் குறையும். நோன்பு தொடங்கச் சில வாரத்துக்கு முன்பே டாக்டரிடம் போனால், முடிந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு வேளை போடும் வகைக்கு மாற்றித் தரக்கூடும். அடிக்கடி வலிப்பு வருகிறவர்கள் நோன்பு வைக்க வேண்டாம் என்பார். நோயாளிக்கு நோன்பில் விலக்கு உண்டு என்பதை ஹஜ்ரத்திடமே கேட்டுக்கொள்ளலாம்.

வெந்நீர் வலிப்பு என்று ஒன்று உண்டு. தென்னிந்தியாவில், அதிலும் கர்நாடகத்தில், அதிகம் பதிவாகியிருக்கிறது. சூடான தண்ணீரைச் சொம்பு சொம்பாகத் தலையில் ஊற்றும்போது மட்டும் வரும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் பிள்ளை வெறித்துப் பார்த்து நிற்கிறதென்றால் இதைச் சந்தேகிக்கலாம். தண்ணீரை வெதுவெதுப்பாக்கி, தலைக்குக் கடைசியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவதிலேயே பலருக்கு அடங்கிவிடும்.

யாராக இருந்தாலும் குளியலறைக் கதவை உள்ளே தாழ் போட வேண்டாம். கிணறு, ஏரி, மோர்தானா அணைத் தண்ணீரில் தனியாக இறங்க வேண்டாம். விறகடுப்பை உயரமான மேடையில் வைத்து, பாத்திரத்தின் பிடியை உள்பக்கம் திருப்பி வையுங்கள். வண்டி ஓட்டுநர் உரிமத்துக்கான படிவத்திலேயே வலிப்பு நோய் உண்டா என்று கேள்வி இருக்கிறது. அதில் பொய் எழுதி வண்டி எடுப்பது எதிரே வருகிறவருக்கும் செய்கிற கேடு. ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் வெட்டும் மெஷினை விட்டு, ஒட்டும் வேலையோ பேக்கிங்கோ கேட்டு வாங்கலாம். வேலையையே விட்டுவிட வேண்டியதில்லை.

பெண்களுக்குத் தனியாக

கல்யாணம் பேசும்போது மறைத்துவிடுகிறார்கள். பிறகு புகுந்த வீட்டில் மாத்திரையை ஒளித்துப் போட முடியாமல் விட்டு, முதல் மாதத்திலேயே வலிப்பு வந்து, ஏமாற்றிவிட்டார்கள் என்று பெண்ணைத் திருப்பி அனுப்புகிறார்கள். இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு நோய் ஒரு காலத்தில் திருமணத்துக்குத் தடையாக எழுதப்பட்டிருந்தது உண்மை. 1999-ல் சட்டத்தைத் திருத்தி அந்தச் சொல்லையே நீக்கிவிட்டார்கள். சட்டம் விட்டுவிட்டது, சம்பந்திகள்தான் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். சொல்லிவிட்டுச் செய்யுங்கள். மாத்திரையைக் கூடத்து அலமாரியில் வைத்துப் போட முடிகிற வீடுதான் அந்தப் பெண்ணுக்குப் பாதுகாப்பு.

வால்ப்ரோயேட் சாப்பிடும் பெண்கள் கருத்தரிப்பதற்கு முன்பே டாக்டரைப் பார்க்க வேண்டும். குழந்தைக்கு உடல் குறைபாடும், வளர்ச்சியிலும் படிப்பிலும் பின்தங்கலும் வரும் ஆபத்து மற்ற மருந்துகளைவிட இதில் அதிகம். முடிந்தால் வேறு மருந்துக்கு மாற்றுவார்கள், ஃபோலிக் ஆசிட் முன்கூட்டியே தொடங்குவார்கள். ஏற்கெனவே கர்ப்பமாகிவிட்டால் பயந்துபோய் நீங்களே நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தியதால் வரும் பெரிய வலிப்பு தாய்க்கும் பிள்ளைக்கும் உடனடி ஆபத்து. அந்த வாரமே டாக்டரிடம் போங்கள். கார்பமாசெபைன், பெனிட்டாயின் சாப்பிட்டால் கருத்தடை மாத்திரையின் பலம் குறையும் என்பதையும் எங்கள் காதில் போட்டுக் கேளுங்கள். வலிப்பு நோய் உள்ள பெரும்பாலான பெண்களுக்கு நல்ல குழந்தைகள் பிறக்கின்றன, தாய்ப்பாலும் கொடுக்கலாம்.

மருந்து கேட்காதபோதும், நிறுத்தும்போதும்

சரியான மருந்தை ஒழுங்காகப் போட்டால் பத்தில் ஏழு பேர்வரை வலிப்பில்லாமல் வாழ முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்தை முழு அளவில் போட்டும் நிற்காதவர்கள், மூன்றாவது நாலாவது என்று வருடக்கணக்கில் அட்டைகளைச் சேர்த்துக்கொண்டே போகாமல், அறுவை சிகிச்சைக்குப் பொருத்தமா என்று பெரிய ஆஸ்பத்திரியில் கேட்க வேண்டும். வலிப்பு தொடங்கும் இடம் ஒரே இடமாக இருந்து, அதை எடுத்தால் பேச்சும் கைகாலும் கெடாது என்று தெரிந்தால் அந்த இடத்தை நீக்குகிறார்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப்போய் அங்கேயே விசாரியுங்கள். சில குழந்தைகளுக்குக் கொழுப்பு மிகுந்த கீட்டோஜெனிக் உணவு முறையும் உதவும். அதை உணவியல் நிபுணர் எழுதித் தராமல் வீட்டில் தொடங்கக் கூடாது.

எத்தனை நாள் மாத்திரை என்ற கேள்விக்கு என் பதில்: வலிப்பே இல்லாமல் குறைந்தது இரண்டு வருடம் போன பிறகுதான் டாக்டர் நிறுத்துவது பற்றி யோசிப்பார். இரண்டு வருடம் என்பது கடைசி வலிப்பிலிருந்து கணக்கு, முதல் மாத்திரையிலிருந்து இல்லை. நடுவில் ஒன்று வந்தால் கணக்கு மறுபடி தொடங்கும். நிறுத்தும்போதும் பல மாதங்களில், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். காலையில் கை உதறும் அந்த வகைக்காரர்களுக்கு நிறுத்தினால் திரும்பிவிடும் வாய்ப்பு அதிகம் என்பதால் பல வருடம் தொடரச் சொல்வார்.

மருந்து வாங்க வேண்டிய நாள், அட்டை தீரும் நாள் இல்லை. கையில் ஒரு வாரத்துக்கு இருக்கும்போதே வாருங்கள். பொங்கல், தீபாவளி வாரத்தில் ஏஜென்சி லாரி வராது. வெளியூர் போகும்போது சீட்டின் படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊர்க் கடைக்காரரும் சீட்டில்லாமல் இந்த மருந்துகளைத் தரக் கூடாது.

டாக்டர் மருந்தை மாற்றிவிட்டால் மீந்த அட்டையைக் கொண்டுவந்து திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்கிறீர்கள். பிரிக்காத அட்டை, பில், தேதி எல்லாம் சரியாக இருந்தால் எடுத்துக்கொள்வேன். வெட்டின அட்டையை எடுக்க முடியாது. அதை எதிர்வீட்டுப் பிள்ளைக்கும் பிட்ஸ்தானே என்று கொடுத்துவிடாதீர்கள். அந்தப் பிள்ளையின் எடை வேறு, வலிப்பின் வகை வேறு, மருந்தும் வேறாக இருக்கும். என்னிடம் விட்டுவிட்டுப் போங்கள், மற்ற காலாவதி மருந்துகளோடு அனுப்பிவிடுகிறேன்.